ஆசிட் மேல் வீண் பழி

துணி துவைத்துக் கை எரிந்தால் நம்மவர் வாயில் முதலில் வருவது, "பவுடர்ல ஆசிட் ஜாஸ்தி" என்பதுதான். கடைக்காரரும் சொல்கிறார், யூடியூப் வைத்தியரும் சொல்கிறார். சுத்தத் தவறு. ஆசிட் இருப்பது கழிப்பறை கழுவும் பாட்டிலில். சலவைத் தூளில் இருப்பது அதற்கு நேர் எதிரான காரம்.

தூளில் சலவைச் சோடா தாராளமாகவே உண்டு. கரைத்த தண்ணீரின் பிஎச் அளவு பெரும்பாலும் 10, 11 வரை போகும். 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம், ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. பிசுக்கு போகக் காரம் வேண்டும் என்பது உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தவர்களுக்கே தெரியும்.

உண்மையில் அமிலமாக இருப்பது நம் தோல்தான். அதன் மேற்பரப்பின் பிஎச் சுமார் 5. ஜெர்மனியின் ஷாடேயும் மார்க்கியோனினியும் 1928இலேயே இதை 'அமிலப் போர்வை' என்று எழுதிவிட்டார்கள். தோலின் கொழுப்பு அரணைப் பராமரிக்கும் நொதிகளுக்கு இந்த லேசான புளிப்பு தேவை. காரத்தில் ஊறினால் தோல் உப்பும், அரண் தளரும்.

அப்படியானால் 'பிஎச் 5.5' என்று அச்சடித்ததை வாங்கினால் போதுமா? போதாது. அது இரண்டாவது மூடநம்பிக்கை, விலையும் கூடுதல். துணியின் எண்ணெயை எடுக்கும் நுரைப்பொருள், கையின் எண்ணெயையும் விட்டுவைக்காது. தோல் ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கிப் பார்க்கப் பயன்படுவது சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரைப்பொருள். அதன் கரைசல் கிட்டத்தட்ட நடுநிலைதான். ஆனாலும் தோல் சிவக்கிறது.

ஆக, பார்க்க வேண்டியது எவ்வளவு தூள், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதை. ஈரக் கையில் தூளை அள்ளிக் காலரில் தேய்ப்பதைவிட மோசமான பழக்கம் இல்லை. நாலு வீட்டில் பாத்திரமும் துணியும் பார்க்கும் பெண்ணுக்கு விரலிடுக்கு வெடித்தால், "உனக்கு அலர்ஜி" என்று அவர் உடம்பின் மேலேயே குற்றம் சுமத்துகிறோம். பெரும்பாலும் அது அலர்ஜி அல்ல. ஓயாமல் நனைந்து தேய்ந்த தோல். 'சமன் செய்ய' எலுமிச்சை தேய்க்கச் சொல்வது அதைவிடக் கொடுமை. வெடிப்பில் சாறு பட்டால் என்ன ஆகும் என்பதை, அப்படிச் சொன்னவர் தன் கையில் தேய்த்துப் பார்க்கட்டும்.

வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களே, தூளைக் குறையுங்கள், கையுறை வாங்கிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கை கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ள அவருக்கு ஐந்து நிமிடம் விடுங்கள்.