ஸ்டார்ட் ஆகாத வண்டியும் ஆளாளுக்குச் சொன்ன காரணமும்

சினிமா, கிரிக்கெட், ஹாஸ்டல் சாப்பாடு என்று ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்தில் இன்றைக்குக் கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கல் படிக்கிற நான் இதை எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

கோவில்பட்டியில் என் மாமா ஒரு பழைய அம்பாசடர் வைத்திருக்கிறார். 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான் வேண்டும் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முகூர்த்த மாதங்களில் மாமாவுக்கு அதுதான் வருமானம்.

வண்டி புகை தள்ளியது, ஆயில் குடித்தது. ஆடியில் எப்படியும் சவாரி இல்லை என்று இன்ஜினை இறக்கினார்கள். போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், புது கேம்ஷாஃப்ட், வால்வு கிரைண்டிங் எல்லாம் முடித்துப் பூட்டியாச்சு. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு 3 நாள் இருக்கும்போது சாவியைத் திருப்பினால், செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்கவில்லை. கார்பரேட்டர் வழியாக 'டப்' என்று ஒரு தும்மல். அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. டீக்கடையில் நின்றவர் "காயில் போயிருக்கும்" என்றார். காயில் மாற்றினோம். பக்கத்துப் பட்டறைக்காரர் "கண்டன்சர்" என்றார். அதையும் மாற்றினோம். பிளக் செட் புதுசு. நான் சும்மா இருப்பேனா? "கம்ப்ரஷன் இல்ல மாமா, ரிங்க தப்பா போட்டிருக்காங்க" என்று மெக்கானிக் அண்ணன் காதில் விழும்படியே சொன்னேன். மாமாவும் "திரும்ப ஹெட்டைக் கழட்டிரலாமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. முகம் மட்டும் சுருங்கியது.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் அவர் ராக்கர் கவரைக் கழற்றினார்.

"தம்பி, ஹேண்டிலப் போட்டு மெதுவா சுத்துங்க."

சுற்றினேன்.

"நிறுத்துங்க. 4-ல எக்சாஸ்ட் மூடுது, இன்லெட் திறக்குது, பாத்தீங்களா? அப்போ 1 கம்ப்ரஷன்ல நிக்குது. இப்போ ரோட்டார் எங்க பாக்குது?"

ரோட்டார் 4-ஆம் நம்பர் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தது!

விஷயம் இதுதான். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் 1 சுற்று. அதனால் பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வரும். ஒன்று கம்ப்ரஷன் முடிவில், இன்னொன்று எக்சாஸ்ட் முடிவில். புல்லியில் உள்ள குறி இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரே விதமாகத்தான் உட்காரும். ஆனால் அதற்கு அடியில் இருக்கும் டிரைவ் கியரைத் தலைகீழாகவும் உட்கார வைக்கலாம். அதுதான் நடந்திருக்கிறது. பெட்ரோல் வருகிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நெருப்பும் பளிச்சென்று வருகிறது. ஆனால் அந்த நெருப்பு சரியாக ஒரு சுற்று தள்ளி, இன்லெட் வால்வு திறக்கிற நேரத்தில் வருகிறது. தும்மாமல் என்ன செய்யும்?

ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அண்ணன் 1-ஐயும் 4-ஐயும் மாற்றினார், 2-ஐயும் 3-ஐயும் மாற்றினார். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. மறுநாள் கியரையே எடுத்து ஒழுங்காக உட்கார வைத்துவிட்டார்.

வால்வ் டைமிங் டயகிராம் வரைந்து முழு மார்க் வாங்கியவன் நான். எனக்கு அது தோன்றவே இல்லை.

இதில் என் கருத்து என்னவென்றால், ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒருநாள் நின்றால் அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பிரித்துப் பூட்டிய பிறகு ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குக் காரணம் பெரும்பாலும் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். எங்கள் காயில், ஆடி மாதம் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வரும்போது நன்றாகத்தான் இருந்தது. அது மூலையில் இருந்தபடியே எப்படிக் கெடும்? புதுப் பொருள் வாங்கிப் போடுவது கண்டுபிடிப்பது ஆகாது. அது கடைக்காரருக்கு வியாபாரம், அவ்வளவுதான்.

இதைவிட மோசம், "இன்னொரு தடவை அடிச்சுப் பாரு" என்று விடாமல் செல்ஃப் அடிப்பது. புது கேம்ஷாஃப்டில் தடவியிருக்கும் பேஸ்ட், இன்ஜின் ஓடத் தொடங்குகிற அந்த முதல் நிமிடங்களுக்காக. ஸ்டார்ட் ஆனதும் சுமார் 20 நிமிடம் 2,000 ஆர்.பி.எம். பக்கத்தில் ஓட விடுவதும் அதே கேம்ஷாஃப்டைக் காப்பாற்றத்தான். சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் பேஸ்ட் வழிந்துவிடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலையும் கழுவிவிடும். செலவழித்துச் செய்த வேலையை நாமே தேய்க்கிறோம். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லையா? சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டு யோசிக்க வேண்டும்.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கழற்றும்போதே டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு கோடு, வயர்களில் நம்பர் ஒட்டிய டேப், போனில் ஒரு போட்டோ. "இத்தனை வருஷ அனுபவம், எனக்கெதுக்கு?" என்று கேட்கலாம். அந்த அனுபவக் கைதான் தவறைக் கண்டுபிடித்தது, மறுக்கவில்லை. ஆனால் தவறு செய்ததும் அதே கைதானே?

கல்லூரிக்கும் ஒன்று. ஓடுகிற இன்ஜினில் ரீடிங் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகப் பூட்டி வைத்து, "ஏன் ஓடவில்லை, கண்டுபிடி" என்று ஒரே ஒரு நாள் விட்டால் போதும், என்னைப் போல வாய்ச்சொல் வீரர்கள் குறைவார்கள்.

முகூர்த்தத்தன்று வண்டி பூ அலங்காரத்தோடு கிளம்பியது. நான் பட்டறைக்குப் போய் "ரிங் விஷயம் தப்பாச் சொல்லிட்டேண்ணே" என்றேன். சிரித்துவிட்டு ஒரு டீ சொன்னார்.

பி.கு: காசு நான்தான் கொடுத்தேன்.