மலிவாகாத மருந்து

தோழனே,

அடையாற்றில் 1954ஆம் ஆண்டு 12 படுக்கைகளோடு எழுந்தது புற்றுநோய் நிலையம். தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கண்ணீர், கட்டடமாக எழுந்தது! மயிலையில் பிறந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அதையே வீடாகக் கொண்டார். மருத்துவர் வந்தனர், மருந்தும் வந்தது. கூடவே வந்த விலையோ வாயிலை மறித்து நின்றது.

கிளிவெக் வழக்கை நினைவிற் கொள்வாய். இரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை அது. மாதத்திற்குச் சுமார் 1,20,000 ரூபாய் கேட்டது நோவார்ட்டிஸ். நம் நாட்டார் செய்த அதே மருந்து பத்தில் ஒரு பங்கு விலைக்கும் கீழே கிடைத்தது. அறிந்த பொருளுக்குப் புத்தாடை உடுத்திக் காப்புரிமை கேட்கிறீர் என்று, 2006இல் மனுவைத் தள்ளியது சென்னைக் காப்புரிமை அலுவலகம். சட்டப் பிரிவே செல்லாது என்றனர். 2007இல் நீதியரசர்கள் பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் அதை ஏற்க மறுத்தனர். 2013 ஏப்ரல் 1இல் உச்சநீதிமன்றமும் கம்பெனியின் கோரிக்கையைக் கைவிரித்தது.

வென்றோம் என்று எக்காளமிடலாமா? பொறு.

மாத்திரை இரசாயனம், கலவை தெரிந்தால் செய்துவிடலாம். மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்குத் தரும் டிராஸ்டுசுமாப் அப்படியன்று. உயிரணுக்களை வளர்த்து, அவற்றிடமிருந்து கறந்தெடுக்கும் மருந்து. அதன் அச்சுப் பிரதி எவராலும் ஆகாது. ஒத்த மருந்துதான் ஆகும். அதைத்தான் பயோசிமிலர் என்கின்றனர். 2013இல் ரோஷ் நிறுவனம் இந்தியக் காப்புரிமையைக் கைவிட்டது. 2014இல் பெங்களூரு பயோகான் தன் மருந்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. 440 மில்லிகிராம் குப்பி 57,500 ரூபாய்! குறைந்தது ஏறத்தாழக் கால் பங்குதான். மூன்று வாரத்திற்கொரு முறை, ஓராண்டு ஏற்றவேண்டிய மருந்து இது. வீட்டை விற்றால் பாதி ஆண்டு தாங்கும். மீதிக்கு எதை விற்பாள் தாய்?

'ஒத்தது என்றால் மட்டமானதுதானே' என்று முணுமுணுப்பார் உண்டு. அதே நிறுவனம் மைலானோடு கூடிச் செய்த மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்காவே ஒப்புதல் தந்தது. அங்கே ஆகுமாம், மாம்பலத்துக்கு ஆகாதாம்!

மருந்தின் தரத்திலன்று, வாங்கும் முறையில் இருக்கிறது சிக்கல். ரங்கநாதன் தெருவில் ஒரு புடவை கேட்பவளுக்கு ஒரு விலை, நூறு கேட்பவளுக்கு வேறு விலை. நோயாளியோ தன்னந்தனியாய் நின்று ஒற்றைக் குப்பி கேட்கிறாள். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் மொத்தமாய் வாங்கி நாட்டுக்கே வழிகாட்டியது இம்மாநிலம். பின்னர் தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பு, பல மருத்துவமனைகளின் தேவையை ஒன்று திரட்டி 40 மருந்துகளுக்குப் பேரம் பேசியது. ஐந்தில் நான்கு பங்குச் செலவு மிச்சமாயிற்று.

அந்தக் கொள்முதலில் அறக்கட்டளை மருத்துவமனையின் நோயாளியும் தனியாரிடம் படுத்திருக்கும் ஏழையும் ஏன் சேரக்கூடாது? உன் சட்டமன்ற உறுப்பினர் வீதிக்கு வரும்போது வழிமறித்துக் கேள், தோழனே: இவ்வாண்டு எத்தனை குப்பி வாங்கினீர்கள், என்ன விலைக்கு?