விலை எகிறியும் பெருகாத மாடுகள்... அமெரிக்க வறட்சிக்கு 'செலவில்லாத மாடு' தீர்வா?

அமெரிக்காவில் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் அரைத்த மாட்டிறைச்சியின் சராசரி விலை 2025 ஜூன் மாதம் முதல்முறையாக 6 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு ஜனவரி 1 கணக்குப்படி அந்த நாட்டில் இருந்த மாடுகள் 8.67 கோடி. 1951-க்குப் பிறகு அதுவரை பதிவானதில் அதுதான் மிகக் குறைந்த எண்ணிக்கை.

விலை ஏறினால் பண்ணைக்காரர்கள் மாடுகளைப் பெருக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

மாடுகள் ஏன் குறைந்தன?

முக்கியக் காரணம் வறட்சி. 2020-க்குப் பிறகு டெக்சாஸ், ஓக்லஹோமா, கான்சாஸ் போன்ற மேய்ச்சல் மாநிலங்களில் புல் காய்ந்தது. விலைக்கு வாங்கித் தீவனம் போட்டுக் கட்டுப்படியாகாமல், கன்று ஈனும் தாய் மாடுகளையே பலர் இறைச்சிக்கு விற்றனர். விதைநெல்லையே விற்ற கதைதான்.

மந்தையை மறுபடி பெருக்க, கிடேரிக் கன்றுகளை விற்காமல் வைத்திருக்க வேண்டும். ஒரு கிடேரி முதல் கன்று ஈன சுமார் 2 வருஷம். அந்தக் கன்று இறைச்சிக்குத் தயாராக இன்னும் ஒன்றரை வருஷம். கடன் இருக்கும் குடும்பம், கைக்கு எட்டிய நல்ல விலையை விட்டுவிட்டு அதுவரை காத்திருக்குமா? நடுவில் மழை பொய்த்தால் இரண்டும் போச்சு.

'செலவில்லாத மாடு' என்றால் என்ன?

வாங்கிப் போடும் தீவனம் குறைவு, மருந்து குறைவு, பிரசவத்துக்கு ஆள் தேவையில்லை. காய்ந்த புல்லைத் தின்றே வருஷம் ஒரு கன்று தரும் மாடு. மாடு வளர்ப்பில் பெரிய செலவே தீவனம்தான் என்பதால், வறண்ட பகுதிகளில் இந்த மாடுகளுக்கு மவுசு உண்டு.

இந்த யோசனை புதிதல்ல. தெற்கு டெக்சாஸில் எட் லசேட்டர் என்ற பண்ணையாளர் 1908-ல் பிராமன் காளைகளை வைத்துக் கலப்பினம் உருவாக்கத் தொடங்கினார். 1930-ல் அவர் இறந்த பிறகு மகன் டாம் லசேட்டர் பொறுப்பேற்றார். பிராமன், ஹெர்ஃபோர்ட், ஷார்ட்ஹார்ன் ஆகிய மூன்றையும் கலந்து அவர் உருவாக்கியதுதான் 'பீஃப்மாஸ்டர்'. 1954-ல் அமெரிக்க வேளாண் துறை இதைத் தனி இனமாக அங்கீகரித்தது. பண்ணையும் கொலராடோவின் வறண்ட புல்வெளிக்கு இடம்பெயர்ந்தது.

டாம் பார்த்தது ஆறே விஷயம்தான்: சாதுவான குணம், சினை பிடிக்கும் திறன், எடை, உடற்கட்டு, தாங்கும் சக்தி, பால். நிறமோ கொம்போ அவருக்குப் பொருட்டில்லை. வருஷம் ஒரு கன்று ஈன்று வளர்க்காத மாட்டுக்கு மந்தையில் இடமில்லை.

இதில் இந்தியா எங்கே வந்தது?

பிராமன் மாட்டின் பூர்வீகமே இந்தியாதான். ஓங்கோல் என்று நாம் சொல்லும் நெல்லூர் மாடு, குஜராத்தின் கிர், காங்கிரேஜ் ஆகியவற்றின் ரத்தம் அதில் ஓடுகிறது. தளர்ந்த தோல், குட்டை முடி, நன்றாக வியர்க்கும் உடம்பு ஆகியவற்றால் வெயிலைத் தாங்கும். ஐரோப்பிய மாடுகளைவிட உண்ணித் தொல்லையையும் நன்றாகச் சமாளிக்கும்.

அப்புறம் ஏன் எல்லோரும் இதையே வளர்க்கவில்லை?

சந்தைதான் காரணம். அமெரிக்காவில் சதைக்குள் கொழுப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பார்த்தே இறைச்சிக்குத் தரம் போடுகிறார்கள். இதில் ஆங்கஸ் இனத்துக்குத்தான் கிராக்கி. பிராமன் சாயல் தெரிந்தாலே வியாபாரிகள் விலையைக் குறைப்பது வழக்கம். மேய்ச்சலில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதி சந்தையில் போய்விடுகிறது. ஆகவே வெயிலும் உண்ணியும் அதிகமுள்ள தெற்கில் இந்தக் கணக்கு கைகொடுக்கும். குளிரான வடக்கில் அவ்வளவாக எடுபடாது.

இன்னொரு வரம்பும் உண்டு. எவ்வளவு தாங்கும் மாடானாலும் தின்னாமல் இருக்காது. 500 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு சுமார் 10 முதல் 12 கிலோ உலர் தீவனம் வேண்டும். 'தாங்கும் மாடுதானே' என்று நிலத்தின் சக்திக்கு மீறி மேயவிட்டால், புல்லின் வேரே போய்விடும். பிறகு மழை பெய்தாலும் நிலம் எழ நாளாகும்.

இனி என்ன?

2025 அக்டோபரில் அர்ஜென்டினா மாட்டிறைச்சி இறக்குமதியைக் கூட்டப்போவதாக அதிபர் டிரம்ப் சொன்னதும், கால்நடை வளர்ப்போர் சங்கங்கள் கொதித்தன. நுகர்வோருக்கு விலை குறைய வேண்டும் என்பது அரசின் கணக்கு. கிடேரியை விற்காமல் காத்திருப்பவருக்கோ, விற்கும் நேரத்தில் விலை சரிந்துவிடுமோ என்ற பயம்.

வறட்சியைத் தாங்கும் மாடு ஒரு குடும்பத்தின் செலவைக் குறைக்கும். மோசமான வருஷத்தைக் கடக்க உதவும். ஆனால் மழையையும் விலையையும் அதனால் தர முடியாது. அடுத்த சில வருஷங்களில் எத்தனை குடும்பங்கள் கிடேரிகளை விற்காமல் தாக்குப்பிடிக்கின்றன என்பதைப் பொறுத்தே அமெரிக்காவில் மாட்டிறைச்சி விலை இறங்கும்.