கைம்மாறு கருதாக் கணினிகள்

நுழையும்முன்

அறிவியல் ஆய்வில் வீட்டு மேசைமேல் இருக்கும் கணினிக்கும் இன்று இடம் உண்டு. தம் கணினியை ஆய்வுக்கு ஈயும் தன்னார்வலர்கள் அப்பணியில் நிலைத்திருக்கச் செய்வது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சிறு துளி பெரு வெள்ளம்

வீட்டுக் கணினி நாளின் பெரும்பகுதி வேலையின்றி இருக்கிறது. பெரியதொரு கணக்கைச் சிறு கூறுகளாகப் பிரித்து, இத்தகைய கணினிகளுக்கு இணையவழி அனுப்பி, விடைகளைத் திரும்பப் பெற்றுத் தொகுக்கும் முறை பகிர்ந்த கணிப்பு எனப்படும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 1999 மே மாதம் தொடங்கிய 'செட்டி அட் ஹோம்' திட்டம் இம்முறையை உலகறியச் செய்தது. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி பதிவுசெய்த அலைகளில் வேற்றுலக அறிவுயிர்களின் தடயத்தைத் தேடிய அத்திட்டத்தில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இணைந்தனர்.

இணைதலும் நிலைத்தலும்

இணைவது எளிது, மென்பொருளை நிறுவச் சில நிமிடங்கள் போதும். நிலைப்பதே அரிது. மின்கட்டணமும் கணினியின் தேய்மானமும் தன்னார்வலரையே சாரும். பழைய கணினியை மாற்றும்போது மென்பொருளை மீண்டும் நிறுவ மறப்பவரும் உண்டு. ஆகவே, முடித்த பணிக்குப் புள்ளிகள் வழங்கியும் குழுக்களிடையே போட்டியை வளர்த்தும் திட்டங்கள் ஊக்கமூட்டுகின்றன. புள்ளிகளால் பயன் உண்டு. எனினும், அவற்றை மட்டுமே நம்புவது தீங்காகவும் முடியும். புள்ளிக்காகப் பொய்யான விடைகளை அனுப்பியோரும் இருந்தனர். ஒரே கூற்றைப் பல கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நோக்கம் தந்த எழுச்சி

புரதங்கள் மடியும் விதத்தை ஆராய, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது 'ஃபோல்டிங் அட் ஹோம்'. 2020இல் அது கொரோனா நுண்ணுயிரியின் புரதங்களை ஆராய முற்பட்டபோது, ஏறத்தாழ 30,000ஆக இருந்த கருவிகளின் எண்ணிக்கை சில மாதங்களில் 10 இலட்சத்தைக் கடந்தது. அனுப்பப் பணி போதாமல் கணினிகள் காத்திருக்கவும் நேர்ந்தது. தம் உழைப்பு எதற்கு என்பதை மக்கள் தெளிவாக உணர்ந்ததே இதற்குக் காரணம். எனினும், அச்சத்தால் திரண்ட கூட்டம் அச்சம் தணிந்ததும் குறைந்தது. நெருக்கடியை நம்பி எந்தத் திட்டமும் நெடுநாள் நடைபெற இயலாது.

மதிப்பே பிணைப்பு

எல்லாக் காலத்திற்கும் உதவுவது மதிப்பளித்தலே. 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' திட்டத்தின்வழி 2010இல் புதிய துடிப்பு விண்மீன் ஒன்று கண்டறியப்பட்டது. அதனைக் காட்டியவை அமெரிக்காவின் அயோவாவைச் சேர்ந்த ஓர் இணையருடைய கணினியும் ஜெர்மனியின் மெயின்ஸ் நகரத்துத் தன்னார்வலர் ஒருவருடைய கணினியுமே ஆகும். ஆய்வாளர்கள் அம்மூவரின் பெயர்களையும் உலகிற்கு அறிவித்தனர்.

எல்லார் கணினியிலும் விண்மீன் அகப்படாது. பெரும்பாலோர் அனுப்பும் விடை 'இங்கு ஏதுமில்லை' என்பதே. அவ்விடையும் தேடலின் எல்லையைச் சுருக்குகிறது என்பதை எளிய மொழியில் அவர்களுக்கு எடுத்துரைப்பது ஆய்வாளரின் கடமை. செட்டி அட் ஹோம் 2020 மார்ச் இறுதியில் பணி அனுப்புவதை நிறுத்தியபோது, தேவையான தரவுகள் ஆராயப்பட்டுவிட்டன என்றும் முடிவுகளைத் தொகுப்பதே எஞ்சிய பணி என்றும் வெளிப்படையாக அறிவித்தது. விடைபெறும்போதும் காட்ட வேண்டிய நேர்மை அது.

தன்னார்வலர் கூலி கேட்பதில்லை. தம் உழைப்பு என்னவாயிற்று என்று அறியவே விரும்புகின்றனர். அவ்விடையைத் தவறாது அளிக்கும் திட்டத்தில் கணினிகள் ஓயாமல் இயங்கும்.