கொல்லிமலையும் காப்பீட்டு அப்பீலும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நோயாளியைக் கீழே கொண்டு செல்வதே அங்குள்ளோர்க்குப் பெரும்பாடு. சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின்பு, காகிதங்களுக்காக மீண்டும் மீண்டும் அவர்களை இறங்கி ஏறச் செய்வது நியாயமாகுமா?

ஏழைகளுக்கென 2012 முதல் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் நடைபெறுகிறது. மிளகும் காப்பியும் விற்ற பணத்தில் தாமே பிரீமியம் கட்டுவோரின் நிலையையே இங்குக் கருதுகிறோம். 'நோய் முன்பே இருந்தது. மறைத்துவிட்டீர்' என்று கம்பெனி பணம் தர மறுக்கலாம். சாட்சியம் கேட்பது கம்பெனியின் குற்றமன்று. ஆனால் அச்சாட்சியம் யார் கையில் இருக்கிறது? நோய் முதன்முதல் எந்நாளில் கண்டறியப்பட்டது என்று காட்டும் ஆரம்ப சுகாதார நிலையச் சீட்டு, பரிசோதனை முடிவுகள், ஆஸ்பத்திரியின் முழுச் சிகிச்சைக் குறிப்பு, கம்பெனி கூறிய காரணத்துக்கு நேர் விடையாக வைத்தியர் எழுதும் கடிதம் ஆகியவையே அப்பீலுக்கு உயிர். இவற்றுள் பெரும்பாலானவை மலைக்குக் கீழே இருக்கின்றன.

சட்டம் இவர்களைக் கைவிட்டுவிடவில்லை. 2002-ஆம் ஆண்டின் வைத்தியர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாள் முதல் 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். நோயாளியோ, அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கம்பெனியிடம் முறையிட்டும் அது மறுத்தால், அல்லது ஒரு மாதம் வாளாவிருந்தால், ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் செல்லலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

ஆயினும் உரிமை ஏட்டில் மட்டும் இருந்து பயனென்ன? 'நாளை வா' என்ற ஒரு சொல்லில் மலைவாசியின் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் பாழாகின்றன. இப்படி மூன்று முறை அலைந்தவர் நான்காம் முறை வரமாட்டார். நியாயமான கோரிக்கையும் அத்துடன் மடிந்துபோகிறது. ஆதலால், நோயாளி வீடு திரும்பும் அன்றே, அவர் கேளாமலே, குறிப்புகள் அனைத்தின் நகலையும் கொடுத்தனுப்புமாறு சர்க்கார் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் உத்தரவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

உத்தரவு வரும் வரையில் பொதுநல ஊழியர்கள் காத்திருக்கலாகாது. 3 ஆண்டு கழிந்தால் குறிப்புகள் கிடைக்குமென்ற உறுதியில்லை. மலைவாசிகளுக்காக மேடையில் முழங்குவதினும், அவர்களிடம் ஓர் அதிகாரக் கடிதம் பெற்று ஆஸ்பத்திரி வாயிலில் அவர்கள் சார்பில் நிற்பது மேலான தொண்டாகும்.