சின்ன ஆற்றின் பெரிய கணக்கு

ஆறு என்றவுடன் காவேரியையும் கோதாவரியையும் நினைப்பதே நமது வழக்கம். சென்னைவாசிகளுக்கோ, தங்கள் ஊர் நடுவே ஓடும் அடையாற்றைப்பற்றிப் பேசவே சற்றுக் கூச்சம். அதன் நீளம் சுமார் 42 கிலோமீட்டர். காவேரியின் நீளத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. மலையில் பிறந்த பெருமையும் அதற்கு இல்லை.

பின் எங்கே பிறந்தது? ஏரிகளில். சென்னைக்குத் தென்மேற்கே ஆதனூர் முதலிய ஊர்களின் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழியே வழியும் உபரி ஜலமே அடையாறு. திருநீர்மலைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரியும் வந்து சேர்கிறது. அப்பால் மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று வளைந்து வளைந்து சென்று, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே சமுத்திரத்தை அடைகிறது.

அடைகிறது என்றோம், ஆனால் வருஷம் முழுவதும் தடையின்றி அடைவதில்லை. கோடையில் ஆற்றுக்கு வேகம் குறைந்ததும், கடல் அலைகள் மணலை வாரி வந்து முகத்துவாரத்தில் திட்டுப் போட்டுவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகும் வெள்ளம் அத்திட்டை உடைத்து வழி செய்துகொள்ளும். கடலுக்கும் ஆற்றுக்கும் ஓயாமல் நடக்கும் இந்த வழக்கில் ஆற்றின் கட்சி ஜயிக்க வேண்டுமானால், அதற்குக் கைகால் நீட்ட இடம் வேண்டும் அன்றோ?

அந்த இடத்தைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம். ஏரிகள் பல மனைகளாயின, கரைகள் தெருக்களாயின, ஆற்றின் மேலேயே பாலம் கட்டி விமான ஓடுபாதையை நீட்டினோம். 2015 டிசம்பர் 1-ந் தேதி பெருமழை கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கனஅடி ஜலம் திறந்துவிடப்பட்டது. இடையிலுள்ள மற்ற ஏரிகளின் வெள்ளமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. தன் பழைய எல்லையை ஆறு மறக்கவில்லை. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்து, அது தன் பட்டாவைக் காட்டிற்று. அன்று உயிரும் உடைமையும் இழந்தவர்களை எண்ணினால், இதைப் பரிகாசமாகச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். சைதாப்பேட்டைப் பாலத்தைக் கடக்கும்போது, மூக்கைப் பிடித்துக்கொள்ளுமுன் ஒரு கணம் மேற்கே பாருங்கள். அத்திசையில் எத்தனையோ ஏரிகள் தங்கள் மிச்சத்தைக் கடலுக்கு அனுப்ப இந்த ஒரே வாய்க்காலை நம்பியிருக்கின்றன. ஆற்றைச் சித்திரையில் பார்த்துவிட்டுச் சின்ன ஆறு என்று தீர்மானிக்கலாகாது. கார்த்திகையில் அளந்து பார்க்க வேண்டும். மனை வாங்குகிறவர்களுக்கும், மனை விற்க அனுமதி கொடுக்கிறவர்களுக்கும் இது ஒன்று தெரிந்தால் போதும்.