உலகம் சுற்றிய கோட்டையூர்க்காரர்

பிழைக்க வந்த ஊரில் தமிழர் நால்வர் கூடினால் ஒரு சங்கமும், சங்கம் உண்டானால் ஓர் இதழும் தோன்றுவது வழக்கமாகிவிட்டது. அவ்விதழ்களை ஏளனமாகப் பேசுவோரும் நம்மிடையே உண்டு. கலியாணச் செய்தியும் சந்தாப் பாக்கியும் தவிர அவற்றில் வேறென்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அவர்களுக்கு விடையாக ஒரு மனிதரைக் காட்டவே இம்மாதம் இப்பகுதியைப் பயன்படுத்திக் கொள்கிறேன். தமிழில் பிரயாண இலக்கியத்தின் முன்னோடி என்று போற்றப்படும் ஏ. கே. செட்டியார், இளம் வயதில் பத்திரிகாசிரியராக அமர்ந்தது இத்தகைய இதழ் ஒன்றில்தான்.

ஏ. கருப்பன் செட்டியார் என்பது அவருடைய முழுப்பெயர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911 நவம்பர் 3-ஆம் நாள் பிறந்தார். திருவண்ணாமலையில் பயின்றார். பின்னர் அக்காலத்து நகரத்தார் இளைஞர் பலரைப் போலக் கடல் கடந்து பர்மா சென்றார். மற்றவர்கள் பெட்டியடிக்குச் சென்றார்கள். இவர் அச்சுக்கூடத்திற்குச் சென்றார். ரங்கூனில் நகரத்தார் நடத்திய ‘தனவணிகன்’ இதழுக்கு ஆசிரியரானார்.

அந்த இதழைப் படித்தவர்களின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். நெல் விலை 1930-இல் வீழ்ந்தது. கடன் வாங்கிய பர்மியக் குடியானவரால் திருப்பித் தர இயலவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்து சேர்ந்தன. 1938-ஆம் ஆண்டு வாக்கில், கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் முக்கிய மாவட்டங்களில் சாகுபடி நிலத்தின் கால் பங்கு அவர்களிடம் இருந்தது. கொடுத்த கடனுக்கு மண் வந்ததேயன்றிப் பணம் வரவில்லை. கூடவே உள்ளூராரின் வெறுப்பும் வந்தது. 1942-இல் ஜப்பானியர் படை நுழைந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அரக்கான் வழியாகவும் அஸ்ஸாம் மலைகள் வழியாகவும் லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே வந்தார்கள். அவர்களுள் பலர் வந்து இறங்கிய நகரம் நம் கல்கத்தாதான். அந்த ரங்கூன் தமிழ் வாழ்வில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் காகிதமே. அதிலும் கறையான் தின்றது போக மீந்ததுதான்.

செட்டியார் அதற்கு முன்பே பர்மாவை விட்டுப் புறப்பட்டுவிட்டார். புகைப்படக் கலை பயில விரும்பி டோக்கியோ சென்றார். அங்கிருந்து நியூயார்க் சென்று அங்கும் பயின்றார். 1937-இல் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிக் கப்பலில் வந்து கொண்டிருந்தபோது, அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகளின் வாழ்க்கையை ஒரு படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. அப்போது அவருக்கு இருபத்தாறு வயது கூட நிரம்பவில்லை. சினிமாக் கம்பெனி கிடையாது. பெரும் பணமும் கிடையாது. காந்தியடிகளோ படம் பிடிக்கப்படுவதில் நாட்டம் இல்லாதவர்.

அவர் கண்ட வழி எளியது, எவருக்கும் தோன்றாதது. காந்தியடிகளை இதுவரை யார் யார் படம் பிடித்தார்கள் என்று தேடிச் செல்வதே அவ்வழி. தென்னாப்பிரிக்காவிலும், ஐரோப்பாவிலும், இந்தியாவிலும் முப்பது ஆண்டுக் காலத்தில் சுமார் நூறு பேர் எடுத்த படத்துண்டுகளைத் தேடி ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பிரயாணம் செய்தார். செய்திப்படக் கம்பெனிகளின் கிடங்குகளைக் கிளறினார். 1912-இல் கோகலே தென்னாப்பிரிக்கா சென்றிருந்தபோது எடுத்த படமும் அவருக்கு அகப்பட்டது. இவ்வாறு சேர்ந்தது ஐம்பதினாயிரம் அடி. அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் தொகுத்த படம் பன்னீராயிரம் அடி.

இந்த அடிக்கணக்கு வாசகர்களுக்கு விளங்காமல் போகலாம். பார்சல் ஆபீஸ் பழக்கமுள்ளவனாதலால் எனக்கு அதை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முப்பத்தைந்து மில்லிமீட்டர் படச்சுருள் பேசும்பட வேகத்தில் நிமிஷத்திற்குத் தொண்ணூறு அடி ஓடும். ஆகவே பன்னீராயிரம் அடி என்பது இரண்டேகால் மணிக்குச் சற்றே குறைவான படம். ஐம்பதினாயிரம் அடி என்பது ஆயிரம் அடி கொள்ளும் தகர டப்பாக்களில் ஐம்பது. அக்காலத்து படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. ஒரு பொறி பட்டால் போதும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. ரயில்வேயில் அபாயகரமான சரக்குகளுக்கென்று தனி விதிகள் உண்டு. படச்சுருளும் அந்த வகையைச் சேர்ந்தது. ஒரு கண்டத்திலிருந்து மற்றொரு கண்டத்திற்கு, துறைமுகத்திற்குத் துறைமுகம் சுங்கக்காரருக்கு விடை சொல்லிக்கொண்டு, யுத்தம் மூண்ட வேளையில் இச்சரக்கைச் சேர்த்துக் கொணர்வது எத்தகைய காரியம் என்பதைச் சரக்கு அனுப்பிப் பழகியவர்கள் அறிவார்கள்.

டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட் என்னும் கம்பெனியின் பெயரால் படம் 1940 ஆகஸ்ட் மாதம் தமிழில் வெளிவந்தது. டி. கே. பட்டம்மாள் அதில் பாடினார். நாடு விடுதலை பெற்ற 1947-இல் ஹிந்தி விளக்கத்துடன் டில்லியில் காட்டப்பட்டது. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கிலப் பதிப்பு வெளியாயிற்று. அன்னாரின் இடத்தில் வேறொருவர் இருந்திருப்பின், அதன்பின் வாழ்நாள் முழுவதும் மாலை மரியாதையோடு அப்படத்தைச் சொல்லியே காலம் கழித்திருப்பார். செட்டியார் தம் இதழுக்குத் திரும்பிப் போனார்.

‘குமரி மலர்’ என்னும் அவ்விதழை 1943-இல் தொடங்கினார். 1983-இல் அவர் மறையும் வரையில், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், அது அவருடைய வாழ்வாக இருந்தது. அதில் அவர் செய்த வேலையும் படத்திற்குச் செய்ததைப் போன்றதே. பழைய இதழ்களில் புதைந்து கிடந்தவற்றைத் தேடி எடுத்து மறுபடி அச்சிட்டார். நூலாக வராத பாரதியார் எழுத்துக்கள் பல அவ்விதழ் வழியே மீண்டும் வெளிச்சம் கண்டன. முன்னோர் எழுதிய பிரயாணக் குறிப்புகளைத் தொகுத்துத் ‘தமிழ்நாடு’ என்னும் பெரிய நூலாக 1968-இல் வெளியிட்டார். ரயில் வந்த புதிதில் நம்மவர் அதில் ஏறி என்ன கண்டார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்று அறிய விரும்புவோர் இத்தகைய தொகுப்புகளைத்தான் புரட்ட வேண்டும். அரசாங்க அறிக்கைகள் எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொல்லும். ஏறியவர் மனத்தைச் சொல்லா.

அவருடைய சொந்தப் பிரயாண நூல்களில் ‘உலகம் சுற்றும் தமிழன்’ பெயர் பெற்றது. நான் அதைவிட உயர்வாகக் கருதுவது ‘கரிபியன் கடலும் கயானாவும்’. காரணம் கல்கத்தாவாசிகளுக்குச் சொல்லாமலே விளங்கும். 1838 ஜனவரியில் விட்பி, ஹெஸ்பெரஸ் என்னும் இரு கப்பல்கள் இந்த ஹூக்ளி ஆற்றிலிருந்தே முதன்முதலாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷ் கயானாவுக்குப் புறப்பட்டன. சில ஆண்டுகளுக்குப் பின் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. அவற்றில் சென்ற தமிழரின் சந்ததியார் மொழியை இழந்தார்கள். ஆயினும் மாரியம்மன் பூசையை இழக்கவில்லை. நம்முள் பலர் அன்றாடம் வேலைக்குச் செல்லும் கார்டன் ரீச் கரையிலே இன்றும் சூரிநாம் காட் என்னும் படித்துறை உண்டு. அந்தப் படியில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளைத் தேடி அக்கரைக்கே போய்ப் பார்த்து எழுதியவர் செட்டியார்.

அவர் நடை மிகவும் எளியது. சிறு வாக்கியங்கள், மெல்லிய நகைச்சுவை. கோபுரத்தின் உயரத்தையும் மாளிகையின் தூண்களையும் விட, உடன் வந்த பிரயாணியையும் தெருவில் கண்ட மனிதரையும் பற்றியே அதிகம் சொல்வார். தம்மைப் பற்றிச் சொல்வது மிகச் சொற்பம். இது பெருங்குணம் என்று புகழ்வோர் உண்டு. நான் அவ்வாறு முழுதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறர் எழுதியதையும் எடுத்ததையும் உலகெங்கும் தேடிக் காத்தவர், தம் படத்தைக் காக்கும் பொறுப்பைப் பிறரிடம் விட்டுவிட்டார்; நாமோ அதைக் காக்கவில்லை. 1940-இல் வந்த தமிழ்ப் படம் நம்மிடம் தங்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிச் சென்றபோது ஆங்கிலப் பதிப்பின் பிரதிதான் அகப்பட்டது; அதுவும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலே. படம் எடுத்த வரலாற்றைச் செட்டியார் ‘குமரி மலரி’ல் எழுதி வைத்திருந்தார். அக்கட்டுரைகளை வேங்கடாசலபதி தொகுத்து ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாக 2003-இல் கொண்டுவந்தார். படம் போயிற்று, ஒரு சிறு இதழில் எழுதியது நின்றது.

இதைப் படித்தபின் நம் சங்க அலமாரியின் நினைவு வராமல் இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் ஒரு பிரதியும் நம் அலிப்பூர் பெல்வெடேர் மாளிகையிலுள்ள தேசிய நூலகத்திற்குச் சேர வேண்டும். 1956-இல் செய்த திருத்தத்தால் பத்திரிகைகளும் அதில் அடங்கும். லேக் மார்க்கெட்டிலிருந்து அங்கே செல்ல அரை மணிக்கு மேல் ஆகாது. நமது இதழின் பிரதி மாதந்தோறும் அங்கே போகிறதா என்பதைக் காரியதரிசி அவர்கள் அடுத்த இதழில் தெரிவிக்கக் கோருகிறேன். பழைய இதழ்களை வீட்டில் வைத்திருக்கும் அன்பர்கள், அவை எந்த ஆண்டைச் சேர்ந்தவையாயினும், அட்டை கிழிந்தவையாயினும், பழைய காகிதக்காரருக்குப் போடுமுன் சங்கத்துக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பினால், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுத்துச் செல்வேன்.